நாய் நடந்த கொங்கிறீட்

ஜம்பட்டா தெருவில் பஸ்ஸை விட்டிறங்கி
எழுபத்தெட்டின் கீழ் பதினாலைத் தேடுகிறேன்.
கையில் சிவப்பெழுத்துக் கடதாசி.
சோலைவரி, ஏழு காலாண்டு நிலுவை,
நாலாயிரத்து அறுநூற்று இருபது.
அதன்மேல் நூற்றுக்குப் பதினைந்து பிடியாணைச் செலவு.
தவறினால் அசையும் பொருளைப் பட்டியலிட்டு
எடுத்துப்போக எனக்கு அதிகாரம் உண்டென்று
மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறது.

சோலை என்று யார் பெயர் வைத்தார்களோ.
இந்த ஒழுங்கையில் பச்சையாய் இருப்பவை
ஒரு தண்ணீர்த் தாங்கியும்
கொடியில் காயும் பள்ளிக்கூட டையும்தான்.

"மெதுவா வாங்க சேர்,
அந்த வடிகால் மூடியில கால் வைக்காதீங்க.
அது நான் போட்டதில்ல."
ரெஜினோல்ட் சவரிமுத்து.
பனியனில் பழைய சீமெந்துப் பொட்டு.
கடதாசியை வாங்கி வாசித்தார்,
வாசித்துவிட்டு உள்ளே போய்
தன்னுடைய கடதாசிகளோடு வந்தார்.

இதே ஒழுங்கை, அறுபத்திரண்டு மீற்றர்,
கொங்கிறீட் இட்டு வடிகாலுக்கு வாட்டம் கொடுத்தது.
பணிக்கட்டளை இருக்கிறது. படங்கள் இருக்கின்றன.
தொழில்நுட்ப உத்தியோகத்தரின் ஒப்பம் இருக்கிறது.
ஈரம் காயுமுன் இரவில் ஒரு நாய் நடந்துபோனதற்கு
தரக்குறைவு என்று இரண்டு வீதம் கழித்து
மிச்சம் மூன்று இலட்சத்து எண்பத்தாறாயிரம்
சபை தரவேண்டியது.
போன வருடப் பாதீட்டில் அந்த வரி இருந்தது.
இந்த வருடப் பாதீட்டில் இல்லை.
வேலை மட்டும் இரண்டு வருடத்திலும் கிடக்கிறது,
நான் அதன்மேல்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"இதில அதைக் கழிச்சிட்டு மிச்சத்தைத் தாங்களேன்."

வருமானம் கீழ்மாடி, கொடுப்பனவு மேல்மாடி,
இரண்டும் வேறு வேறு புத்தகம் என்று
பதினோரு வருடமாய்ச் சொல்லும் வாயால் சொன்னேன்.
என் சம்பளம் மாதம் இருபத்தைந்தாம் திகதி
எந்த மாடியிலிருந்து வருகிறது என்று
அவர் கேட்கவில்லை.

தையல் மெஷினை நிறுத்திவிட்டு எமல்டா எழுந்து வந்தாள்.
"எழுதுங்க சேர், நான் சொல்றன்.
டீவி, தவணை முடியும்வரை கடைக்காரன்ட.
கொங்கிறீட் மிக்சர், பாதி என்ட தம்பிட.
மெஷின், அது தொழில் சாமான்,
எடுக்கேலாதாம், கேட்டு வச்சிருக்கன்.
வேற என்ன? ஒழுங்கைய எழுதுங்க.
காசு வரும்வரை அது எங்கடதானே."
"அது அசையாப் பொருள்," என்றேன்.
"ஓம். உங்கட மேல்மாடி ஃபைல் மாதிரி."

எனக்குச் சிரிப்பு வந்தது,
உத்தியோக அட்டை கழுத்தில் தொங்கச்
சிரிப்பது எப்படி என்று தெரியவில்லை.

வழக்கமாய் இந்த இடத்தில்
'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதித் திரும்புவேன்.
பேனையை அதற்குத்தான் திறந்தேன்.
அவள் அதற்குள் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்து
தைத்த கூலியை எண்ணத் தொடங்கியிருந்தாள்.
நூறுகள், இருபதுகள், நூல் சுற்றிய ஒரு ஐந்நூறு.
ஐயாயிரத்து முந்நூற்றைம்பது.
"பிடியுங்க. நாளைக்கு இன்னொருத்தர்
இதே கடதாசியோட வந்து நிக்க வேணாம்."

பற்றுச்சீட்டைக் கிழித்தேன்.
மீதி முப்பத்தேழு ரூபாய் கொடுக்கவேண்டும்.
சட்டைப்பையிலும் இல்லை, சபைப்பையிலும் இல்லை.
பக்கத்துக் கடையில் மாற்றுகிறேன் என்றேன்.

"வேணாம் சேர், நில்லுங்க."
ரெஜினோல்ட் காதிலிருந்த பென்சிலை எடுத்து
கோப்பு மட்டையில், இலட்சத்துக்குக் கீழே,
முப்பத்தேழு என்று எழுதினார்.
கோடிழுத்தார். கூட்டினார்.
பிழையில்லாத கூட்டல்.

வெளியே வந்தபோது மழை பிடித்துவிட்டது.
முன்பெல்லாம் முழங்கால்வரை நிற்குமாம் இங்கே.
இப்போது தண்ணீர் தயங்காமல்
தனக்குச் சொன்ன பக்கம் போகிறது.
நாயின் காலடிகளில் மட்டும்
கரண்டி கரண்டியாய்க் கொஞ்சம் தங்கியிருந்தது.
காய்ந்து இரண்டு வருடமான கொங்கிறீட்தான்,
ஆனாலும் தாண்டித் தாண்டி நடந்தேன்.